கோடு எங்கே திரும்புகிறது?

பென்சிலை எடுக்காமல் ஒரே வீச்சில் சதுரம் ஒன்று வரைகிறோம். பக்கங்கள் சற்றுக் கோணலாக இருந்தாலும், பார்க்கும் சிறு குழந்தைகூட அதைச் சதுரம் என்றே சொல்லும். இதையே கணிப்பொறித் திரையில் வரைந்தால், அது சதுரம் என்று கணிப்பொறி எவ்வாறு அறிகிறது?

1963ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்னும் ஆராய்ச்சி மாணவர், ஒளிப்பேனாவால் திரையில் வரைய உதவும் 'ஸ்கெட்ச்பேட்' என்பதை உருவாக்கினார். ஆனால் வரையப்போவது கோடா, வட்டமா என்பதைப் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. நாம் ஒன்றும் சொல்லாமல் வரைந்ததைத் தானே புரிந்துகொள்வது அதனினும் கடினமான வேலையாகும்.

ஏனெனில், கணிப்பொறிக்குக் கிடைப்பது படம் அன்று, புள்ளிகளின் வரிசையே. ஒவ்வொரு புள்ளியும் எந்த இடத்தில், எந்த நொடியில் விழுந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். சேர்ந்திருக்கும் செய்யுளைப் பதம் பிரித்தால்தான் பொருள் விளங்கும் அல்லவா? அதுபோல இவ்வரிசையையும் சரியான இடங்களில் பிரித்தாக வேண்டும். ஒரு மூலையைத் தவறவிட்டால் சதுரம் முக்கோணமாகிவிடும். இல்லாத மூலையைச் சேர்த்தால் ஐங்கோணமாகிவிடும். பொறியாளர் ஒருவர் வரைந்த மின்சுற்றுப் படம் இப்படிப் பிழைபட்டால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

மூலையைக் கண்டறிய இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று வேகம்: திருப்பத்தை நெருங்கும்போது கை தானாகவே மெதுவாகிறது. மற்றொன்று திசை: மூலையில் கோடு சட்டென்று திரும்புகிறது. ஆனால் ஒன்றை மட்டும் நம்ப முடியாது. கை நடுங்கினால் நேர்கோட்டிலும் திசை மாறும். விரைந்து வரைந்தால் மூலையிலும் வேகம் அதிகம் குறையாது. எனவே 2001இல் அதே கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முறையொன்றை வெளியிட்டனர்.

2008இல் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தினர் 'ஷார்ட்ஸ்ட்ரா' என்னும் எளிய முறையைத் தந்தனர். முதலில் கோட்டின் மேல் சம இடைவெளியில் புள்ளிகளை அமைக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு புள்ளிக்கும், அதற்கு முன்னுள்ள மூன்றாம் புள்ளிக்கும் பின்னுள்ள மூன்றாம் புள்ளிக்கும் இடையேயான நேர்த்தூரத்தை அளக்க வேண்டும். நேர்கோட்டில் அது 6 இடைவெளி நீளம் இருக்கும். செங்கோண மூலையிலோ, நாம் வகுப்பில் படிக்கும் பிதாகரஸ் தேற்றத்தின்படி, ஏறக்குறைய 4.24 தான். எங்கே தூரம் மிகக் குறைகிறதோ, அங்கே மூலை! நேர்கோடுகளால் ஆன படங்களுக்கு இது நன்கு பயன்படுகிறது. வளைகோடுகள் கலந்தால் மேலும் சில சோதனைகள் தேவை. ஒரு வரைபடத்தாளில் புள்ளி வைத்து அளந்து பார்த்தால் இந்த உண்மை நமக்கே விளங்கும்.

கை தயங்கிய இடமெல்லாம் மூலை அன்று. வரைந்தவர் சற்று நின்று சிந்தித்த இடமாகவும் அது இருக்கலாம். இந்த வேறுபாட்டை நம் கண் நொடியில் உணர்ந்துவிடுகிறது. அதையே இயந்திரத்துக்குக் கற்பிக்க முயலும்போதுதான், நமக்கு இயல்பாக வாய்த்த பார்வை எத்துணை அரியது என்பதை அறிகிறோம்.