செல்போன் புதிரிலிருந்து கதை விளையாட்டுக்கு: புதியவர்களுக்குத் தடையாக இருப்பது எது?

புதுதில்லி: பேருந்திலும் உணவு இடைவேளையிலும் செல்போனில் மிட்டாய்களை வரிசைப்படுத்தி விளையாடுவோர் நாடெங்கும் உள்ளனர். ஆனால், அவர்களில் பலர் தங்களை 'வீடியோ கேம்' விளையாடுபவர்களாகக் கருதுவதில்லை. கதையும் உத்தியும் கொண்ட பெரிய விளையாட்டுகளின் பக்கம் இவர்களை அழைத்து வருவது எப்படி என்ற கேள்வி இப்போது முக்கியத்துவம் பெற்றுள்ளது.

பணம் கட்டி விளையாடும் இணையவழி விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மின் விளையாட்டுகளுக்கும் சமூக விளையாட்டுகளுக்கும் அச்சட்டம் அங்கீகாரம் அளிக்கிறது. எனவே, பந்தயத்தை நம்பாமல், விளையாட்டின் சுவையை மட்டுமே நம்பி வாடிக்கையாளரைப் பெற வேண்டிய நிலை இத்துறைக்கு ஏற்பட்டுள்ளது.

புதியவர்கள் தயங்குவதற்கு அறிவுத்திறன் காரணமன்று. 'கேண்டி க்ரஷ்' விளையாட்டில் பல நூறு நிலைகளைக் கடந்தவர், அடுத்தடுத்த நகர்வுகளை முன்கூட்டியே கணக்கிடப் பழகியவர். உண்மையான தடை கைகளில்தான் இருக்கிறது. ஒரு கட்டைவிரலால் நடந்துகொண்டே மற்றொன்றால் பார்வைக் கோணத்தைத் திருப்புவது, பழகாதவருக்கு முதன்முறை கார் ஓட்டுவதைப் போன்றது. அனுபவசாலிகள் இதை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இதற்குச் சிறந்த முன்னுதாரணம் 2009-இல் வெளியான 'பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸ்'. அதன் வடிவமைப்பாளர் ஜார்ஜ் ஃபேன், தமது தாயாரை அந்த விளையாட்டை முழுமையாக விளையாட வைத்தது எப்படி என்பதை 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் விளக்கினார். முதல் கட்டத்தில் ஒரே ஒரு புல்வரிசை, ஒரே ஒரு செடி. வரிசைகளும் செடிகளும் பின்னரே படிப்படியாகச் சேர்கின்றன. திரையில் ஒரே நேரத்தில் எட்டுச் சொற்களுக்கு மேல் தோன்றக்கூடாது என்பது அவர் வகுத்த வரம்பு. வருவாய் தரும் சூரியகாந்தியை முதலில் நடவேண்டும் என்பது புதியவர்களுக்குப் புரியவில்லை. அதற்காக விளக்கவுரை எதையும் அவர் நீட்டவில்லை. சூரியகாந்தியின் விலையை 100-இலிருந்து 50-ஆகக் குறைத்தார். சிக்கல் தீர்ந்தது. உத்தி விளையாட்டு ஒன்றைக் கற்கிறோம் என்ற உணர்வே இல்லாமல் பலரும் அதைக் கற்றுக்கொண்டனர்.

வீட்டில் ஒருவருக்குப் புதிய விளையாட்டை அறிமுகம் செய்வோரும் இவ்வழியைப் பின்பற்றலாம். தமக்குப் பிடித்த கடினமான போர் விளையாட்டை நீட்டுவதும், தடுமாறினால் கருவியைப் பிடுங்கி விளையாடிக் காட்டுவதும் ஆர்வத்தைக் கெடுக்கும். புதிர் பிரியர்களுக்கு 2014-இல் வெளியான 'மானுமென்ட் வேலி' பொருத்தமானது. ஒரு விரல் போதும், பத்தே அத்தியாயங்கள். வேளாண்மையைக் களமாகக் கொண்ட 'ஸ்டார்டியூ வேலி'யில் (2016) பார்வைக் கோணத்தைத் திருப்பும் தொல்லை இல்லை. புணே நிறுவனம் உருவாக்கிய 'ராஜி'யிலும் (2020) கோணத்தை விளையாட்டே பார்த்துக்கொள்கிறது. ஆனால், சண்டைக் காட்சிகளுக்குச் சற்றுப் பயிற்சி தேவை. 2018-இல் வெளியான 'செலஸ்ட்' கடினமானதுதான். எனினும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் உதவி வசதி அதில் உண்டு.

மொழி மற்றொரு தடை. கதை விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றில் இந்திய மொழி வசனங்கள் இல்லை. 'ராஜி'யில் ஹிந்தி குரல் பின்னர் சேர்க்கப்பட்டது.

விலையும் தயக்கம் தருகிறது. இலவச விளையாட்டுகளுக்குப் பழகியவர்கள் முன்பணம் செலுத்த யோசிக்கின்றனர். ஆனால், அந்த இலவச விளையாட்டுகள் பலவும் கூடுதல் உயிர்களுக்கும் நகர்வுகளுக்கும் சிறுகச் சிறுகப் பணம் கேட்பவை. 'ஸ்டார்டியூ வேலி'யின் செல்போன் பதிப்புக்கு ஒருமுறை பணம் செலுத்தினால் போதும். அதன் பிறகு விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை.