கூனன் குரிசும் தீராத பிணக்கும்

மட்டாஞ்சேரிக்குப் பிழைக்க வந்த நம்மவர்களுக்கு மிளகு மண்டிகளும் யூதத் தெருவும் நன்கு பழக்கம். அதே ஊரிலுள்ள கூனன் குரிசுப் பள்ளி அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. பள்ளி என்றதும் பிள்ளைகள் படிக்கும் இடம் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கே பள்ளி என்றால் மாதா கோயில். குரிசு என்றால் சிலுவை. கூனன் என்றால் கூன் விழுந்தது. கேரளக் கிறிஸ்தவர்களின் பெரிய பிணக்கு ஒன்று வெடித்தது இந்தச் சிலுவையடியில்தான்.

அந்தக் கதைக்கு நம் மயிலாப்பூரிலும் ஒரு வேர் உண்டு. 1599-ல் உதயம்பேரூரில் கூடிய சபை மாநாட்டுக்குப் பிறகு, மலையாள நாட்டு மார்த்தோமா கிறிஸ்தவர்கள் போர்ச்சுகீசியரின் பிடியில் இருந்தனர். 1652-ல் அகத்தல்லா என்ற கீழை நாட்டு ஆயர் மயிலாப்பூரில் வந்திறங்க, போர்ச்சுகீசியர் அவரைக் காவலில் வைத்தனர். தோமையார் கல்லறைக்கு யாத்திரை சென்ற கேரள இளைஞர் இருவர் அவரைச் சந்தித்து, அவருடைய கடிதத்தை ஊருக்குக் கொண்டுவந்தனர்.

கப்பலில் கோவாவுக்குக் கொண்டுபோகும் வழியிலாவது அவரைப் பார்க்க வேண்டும் என்று மக்கள் கொச்சியில் திரண்டனர். கோட்டைக் கதவுகள் அடைக்கப்பட்டன. ஆயர் கரையில் இறக்கப்படவில்லை. அவரைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்ற பேச்சு காட்டுத் தீயாய்ப் பரவியது. உண்மையில் அவர் கோவா வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டு, 1654-ல் பாரிஸில் இறந்தார் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆளைக் கண்ணில் காட்டியிருந்தால் பாதிக் கோபம் அடங்கியிருக்கும்!

1653 ஜனவரி 3. மட்டாஞ்சேரியில் கூடியவர்கள், இனி ஏசு சபைக் குருக்களுக்குக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தனர். சிலுவையைத் தொட இடம் கிடைக்காதவர்கள் அதில் கட்டிய கயிறுகளைப் பிடித்துக்கொண்டனர் என்றும், பாரம் தாங்காமல் சிலுவை சாய்ந்தது என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். சத்தியம் அந்தக் குருக்களுக்கு மட்டும் எதிரானதா, ரோமாபுரிக்கே எதிரானதா என்பதில் இன்றும் ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொன்று சொல்கிறது. சில ஆண்டுகளுக்குள் ஒரு சாரார் ரோமாபுரியோடு திரும்பச் சேர்ந்தார்கள். அவர்கள் பழைய கூற்றினர்; மற்றவர் புதிய கூற்றினர்.

புதிய கூற்றிலிருந்து வந்தவர்களில் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயர் என்ற இரு தரப்பாரின் வழக்கு இன்றைய செய்தித்தாள் வாசகர் அறிந்ததே. கோட்டயத்துக் கத்தோலிக்கோஸா, சிரியாவிலுள்ள பாட்ரியார்க்கா, யாருக்கு அதிகாரம் என்பதே சண்டை. 1958 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கத்தோலிக்கோஸ் தரப்புக்குச் சாதகமாக வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அதே டிசம்பரில் கோட்டயம் பழைய செமினாரியில் இரு தரப்பும் கடிதம் மாற்றிக்கொண்டு ஒருவரையொருவர் ஏற்றன. ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே பந்தியில் அமர்ந்த காலம் அது. ஆனால் கத்தோலிக்கோஸ் எழுதிய கடிதத்தில் 'சபைச் சட்டத்துக்கு உட்பட்டு' என்ற சொற்கள் இருந்தன. மற்றவர்களுக்கு அது நெருடியது. எழுபதுகளில் மீண்டும் பிளவு. 1995-லும் 2017 ஜூலை 3-லும் தீர்ப்புகள் வந்தன. பள்ளிகளின் சாவி கை மாறிற்று, மனம் மாறவில்லை.

சங்கடம் சவப்பெட்டி வரை வந்தது. 2019-ல் ஆலப்புழை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியின் உடல் ஒரு மாதத்துக்கு மேல் அடக்கத்துக்குக் காத்திருந்தது. அந்த வீட்டாருக்கு எந்தத் தீர்ப்பு ஆறுதல் சொல்லும்? 2020-ல் கேரள அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. அதன்படி எந்தத் தரப்பினரும் தம் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யலாம். அந்தப் பள்ளியின் பாதிரியாரின் சடங்கு வேண்டாமென்றால், தமக்கு விருப்பமான குருவைக் கொண்டு வேறிடத்தில் ஜெபம் செய்துகொள்ளலாம்.

இந்த இரு தரப்பாருக்கும் பொதுவான வழிபாடு ஒன்று இருக்கிறது. பெரிய நோன்பின் முதல் திங்கட்கிழமை நடக்கும் 'சுப்கோனோ'. சுரியானி மொழியில் மன்னிப்பு என்று பொருள். அன்று மக்களுக்கு முன்னால் குருவே முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்பார். பிறகு ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரிடம் மன்னிப்புக் கேட்டு, சமாதானம் சொல்வார்கள். ஒரே ஜெபம், ஒரே நாள். நடப்பது மட்டும் வெவ்வேறு கூரைகளுக்குக் கீழே.