ராஜகிரியைப் பார்க்க எங்கே நிற்பது?

செஞ்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் நடக்கிறார்கள். கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு, சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரியில் ஏறிவிடுகிறார்கள். விடுமுறை நாளில் படிக்கட்டு நெரிகிறது. ஆனால் அந்த உச்சியில் நிற்பவருக்குத் தெரியாத ஒன்று உண்டு, அது ராஜகிரிதான். செங்குத்தாக எழும் அந்தப் பாறையின் மிரட்டலைக் காண வேண்டுமானால் திருவண்ணாமலை சாலையைக் கடந்து, எதிரே வடக்கிலிருக்கும் கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டும். ஊரார் அதை ராணிக்கோட்டை என்பார்கள். உயரம் குறைவு, கூட்டமும் குறைவு. மேலே களஞ்சியங்கள், ரங்கநாதர் கோயில், குவிமாடக் கூரையுள்ள தர்பார் மண்டபம் எல்லாம் இருக்கின்றன.

அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. செஞ்சி ஒற்றை மலைக்கோட்டை அல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்றையும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மதிலால் முடிந்து வைத்த முக்கோணம். இங்கே தஞ்சம் புகுந்த மராட்டிய மன்னர் ராஜாராமை 1690இல் வளைத்த முகலாயப் படைக்குக் கோட்டை 1698இல்தான் வசப்பட்டது. தாமதத்துக்குக் காரணங்கள் பல. படைத்தலைவர் சுல்பிகார் கானை எதிர்த்து நின்றவற்றில் இந்த நில அமைப்பும் ஒன்று. மூன்று குன்றுகளையும் ஒருசேர அடைத்து நிற்பது எத்தனை பெரிய வேலை என்பது, பக்கத்துக் குன்றிலிருந்து மதிலின் ஓட்டத்தைக் கண்ணால் தொடரும்போது விளங்கிவிடும். இத்தாலியின் பிளாரன்ஸிலும் இதே கணக்குதான். பேராலயக் குவிமாடத்தில் ஏறினால் குவிமாடம் தெரியாது. அதைப் பார்க்க ஆற்றுக்கு அக்கரையிலுள்ள மைக்கேலாஞ்சலோ சதுக்கத்தில் கூட்டம் மொய்க்கிறது. இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால் சான் மினியாட்டோ தேவாலய முற்றத்தில் அதே காட்சி அமைதியாகக் கிடைக்கிறது.

அமைதியான இடத்தை எழுதிக் காட்டினால் அந்த அமைதி போய்விடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற 12 கோட்டைகளின் வரிசையில், தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. இனி கூட்டம் வரத்தான் செய்யும். அது முழுவதும் ஒரே படிக்கட்டில் ஏறுவதைவிட இரண்டு குன்றுகளுக்குப் பிரிவது கோட்டைக்கும் நல்லது, வருகிறவர்களுக்கும் நல்லது. முட்புதர் மண்டிய சந்திரகிரியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆளரவமற்ற இடமெல்லாம் அமைதியான இடமாகிவிடாது.

அமைதியைத் தேடுகிறவருக்கு ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டரில் திருநாதர் குன்று இருக்கிறது. அங்கே ஒரு பெரும்பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் பழந்தமிழ்க் கல்வெட்டும் அங்கேயே உள்ளது. கோட்டையின் முதல் மதில் எழும்புவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தனிமைக்கென்று தேர்ந்த குன்று அது. அங்கே போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வதே முறை. பாறையில் பெயர் கிறுக்குவது பெரும் பாவம்.

ராஜகிரியை விட்டுவிடுங்கள் என்பதல்ல என் வாதம். முழங்கால் ஒரு குன்றுக்குத்தான் இடம்கொடுக்கும் என்றால் அது கிருஷ்ணகிரியாக இருக்கட்டும். தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், காலிப் பாட்டிலைக் கீழே கொண்டுவாருங்கள். காலையிலேயே ஏறிவிடுங்கள், கிழக்கு வெயில் ராஜகிரியின் முகத்தில் நேராக விழும் நேரம் அதுதான்.