ஊர்ப் பெயர் இல்லாத முகவரிக்கு ஒரு மூங்கில் வில்

டிசம்பர் 7 நெருங்குகிறது. கொடி நாள் உண்டியல்கள் கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்திலிருந்து சங்கராபுரம், சின்னசேலம், கல்வராயன்மலை என்று கிளம்பும் நேரம். இரண்டு வாரமாக வந்து குவிந்த வாசகர் கடிதங்களைப் பிரித்துப் பார்த்ததில், கொடுப்பதா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. கொடுப்பது யார் கைக்குப் போகிறது என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

அவற்றில் ஒரு கடிதம் கல்வராயன்மலையின் வெள்ளிமலைப் பக்கத்து ஆசிரியர் எழுதியது. அவருடைய மாணவர்கள் மூங்கிலில் வில் செய்யப் பழகியிருக்கிறார்கள். எல்லையில் இருக்கும் வீரர்கள் ஓய்வு நேரத்தில் இலக்கு வைத்து எய்து பார்க்க அந்த வில்களை அனுப்ப ஆசைப்படுகிறார்கள். வெளிநாட்டில் வில்வித்தை ஆர்வலர்கள் போர்முனையில் இருக்கும் வீரர்களுக்கு இப்படி அனுப்புவதாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். “கொடி நாளன்று ஆட்சியர் ஐயாவிடம் ஒப்படைத்தால் போய்ச் சேருமா?” என்று முடித்திருந்தார்.

சேராது. ஆனால் வேறு வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லுமுன், கொடி நாள் பற்றிய தவறான எண்ணம் ஒன்றைக் களைய வேண்டும்.

கொடி நாள் பணம் எல்லைக்குப் போகிறதா?

விளம்பரப் படத்தில் பனிமலையும் துப்பாக்கி ஏந்திய வீரரும் இருப்பார்கள். நிதியின் நோக்கங்களைப் பட்டியலிடும் அரசுக் குறிப்பிலும், பணியில் இருக்கும் வீரர்களின் நலன் ஒரு வரியாக இடம்பெறும். ஆனால் அந்த நிதியிலிருந்து நடக்கும் முக்கியமான உதவித் திட்டங்களை எடுத்துப் பார்த்தால் முகங்கள் வேறு. 65 வயது தாண்டியும் ஓய்வூதியம் இல்லாத முன்னாள் படைவீரர், அவர் போன பின் தனியாக நிற்கும் மனைவி, அவர்களுடைய படிக்கும் பிள்ளைகள், கல்யாண வயதில் இருக்கும் மகள். வறுமை உதவி மாதம் 4,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகவும், கல்வி உதவி பிள்ளை ஒன்றுக்கு மாதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ஆகவும், திருமண உதவி 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாகவும் 2025 நவம்பர் 1 முதல் உயர்ந்திருக்கின்றன. இதற்காக ஆண்டுக்குச் சுமார் 257 கோடி ரூபாய் தேவை என்று பாதுகாப்பு அமைச்சகமே சொல்லியிருக்கிறது. மிக நல்ல செலவு. அதை அப்படியே சொல்லிக் கேட்டால் மக்கள் இன்னும் மனமுவந்து கொடுப்பார்கள் என்பது என் எண்ணம். எல்லையில் நிற்பவரின் படத்தைக் காட்டி, ஊரில் முதுமையோடு போராடுபவருக்காகப் பணம் திரட்டுவது இருவருக்கும் மரியாதை அல்ல.

‘விருப்ப நன்கொடை’ என்ற சொல்லிலும் எனக்கு உறுத்தல் உண்டு. 1949 முதல் கொண்டாடப்படும் நாள் இது. இன்று மாவட்டத்துக்கு இலக்கு, அதற்குள் துறைக்கு இலக்கு, அதற்குள் அலுவலகத்துக்கு இலக்கு என்று மேலிருந்து இறங்கி வருகிறது. எட்டியவருக்குப் பாராட்டுச் சான்றிதழ். கடைசிப் படியில் நிற்கும் எழுத்தர் என்ன செய்வார்? மனு கொண்டு வருபவரிடம் கொடியை நீட்டுவார். கொடி வாங்கவில்லை என்பதற்காக எந்த மனுவையும் திருப்பி அனுப்ப ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. கொடுக்க நினைத்தால் கொடுங்கள், ரசீது கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. மத்திய ரிசர்வ் போலீஸ், எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவற்றில் சேர்ந்த நம் பிள்ளைகள் இந்த நிதியின் கணக்கில் வரமாட்டார்கள். ‘முன்னாள் படைவீரர்’ என்ற சொல் தரைப்படை, கடற்படை, விமானப்படையோடு நின்றுவிடுகிறது. ஊரார் கண்ணுக்குச் சீருடை ஒன்றுதான், கோப்புக்கு அப்படி இல்லை. அந்தப் படைகளில் உயிர் நீத்தவர்களின் குடும்பங்களுக்கு உள்துறை அமைச்சகம் 2017இல் தொடங்கிய ‘பாரத் கே வீர்’ தளம் இருக்கிறது. அங்கே குறிப்பிட்ட ஒரு வீரரின் குடும்பத்துக்கே நேரடியாகப் பணம் செலுத்தலாம். ஒரு குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் சேர்ந்ததும், வேறு குடும்பத்துக்கோ பொது நிதிக்கோ தரும்படி தளமே சொல்லிவிடும்.

அப்படியானால் வில் எப்படிப் போகும்?

ராணுவத்தில் பிள்ளை இருக்கும் ஒரு வீட்டில் கேட்டுப் பாருங்கள். அவருடைய முகவரியில் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, பிறகு ‘மே/பா 56 ஏபிஓ’ அல்லது ‘மே/பா 99 ஏபிஓ’ (ஏபிஓ என்றால் ராணுவ அஞ்சலகம்), கடைசியில் ஒரு பின்கோடு. ஊர் கிடையாது. மாவட்டமும் மாநிலமும் கிடையாது. முதன்முதலில் இதைப் பார்த்தபோது பாதி முகவரியை எழுத மறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

நமக்குப் பின்கோடு என்பது மண்ணோடு ஒட்டியது. கள்ளக்குறிச்சியின் 606202 என்ற எண்ணில் முதலில் நிற்கும் 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய தென்பகுதியைக் காட்டுகிறது. 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு நடைமுறைக்கு வந்தபோது 1 முதல் 8 வரையிலான எண்களை நிலப்பகுதிகளுக்குக் கொடுத்தார்கள். 9 எந்த நிலத்துக்கும் போகவில்லை. அது ராணுவ அஞ்சலுக்கு. 9இல் தொடங்கும் எண், ஓர் இடத்தைக் குறிப்பதில்லை, ஒரு படைப்பிரிவைக் குறிக்கிறது. பிரிவு ராஜஸ்தான் மணலில் இருந்தாலும், அடுத்த மாதம் லடாக்குக்குப் போனாலும் எண் அதனுடனே போகும். வீட்டில் இருப்பவர்கள் முகவரியை மாற்றி எழுத வேண்டியதில்லை.

வெள்ளிமலை அஞ்சலகத்தில் ஒரு பார்சல் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது மலையிறங்கி, ரயில் ஏறி, 56 ஏபிஓ என்றால் புது தில்லிக்கும் 99 ஏபிஓ என்றால் கொல்கத்தாவுக்கும் போகும். அங்கே இருப்பவை ராணுவத்தின் மைய அஞ்சல் நிலையங்கள். அதுவரை அந்தப் பார்சலைத் தொட்ட எந்த அஞ்சல் ஊழியருக்கும் அது கடைசியில் எங்கே போகிறது என்று தெரியாது. படைப்பிரிவு இன்று எங்கே இருக்கிறது என்ற விவரம் மைய நிலையத்தில்தான் இருக்கும். அங்கிருந்து கள அஞ்சல் நிலையத்துக்கு, அங்கிருந்து பிரிவின் ஆளுக்கு, அவரிடமிருந்து வீரரின் கைக்கு. பதில் கடிதம் வரும்போதும் முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்காது, கள அஞ்சல் நிலையத்தின் எண் மட்டும் இருக்கும். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் பிள்ளை இருக்கும் இடம் பிடிபடாது.

நாட்டின் எந்த மூலையில் இருக்கும் வீரருக்கும் உள்நாட்டுக் கட்டணம்தான். இந்த வேலையைச் செய்யும் ராணுவ அஞ்சல் படையில் பெரும்பாலோர் அஞ்சல் துறையிலிருந்து அயற்பணியில் போனவர்கள். நேற்று வரை ஏதோ ஒரு ஊரில் மணியார்டர் எண்ணிக் கொடுத்தவர், இன்று சீருடை அணிந்து பனிப்பிரதேசத்தில் கடிதம் பிரித்துக்கொண்டிருப்பார். எல்லோருக்கும் தெரிந்த முகவரியைக் கொண்டே இடத்தை மறைத்துவைக்கும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு குறைவதில்லை.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பெயர் வேண்டும். ‘எல்லையில் இருக்கும் யாரோ ஒரு வீரருக்கு’ என்று எழுதினால் இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியே மாட்டாது. அமெரிக்காவில் பெயரில்லாமல் ‘எந்த வீரருக்காவது’ என்று எழுதி அனுப்பும் வழக்கம் நெடுநாள் இருந்தது. 2001இல் ஆந்த்ராக்ஸ் கிருமி அடங்கிய கடிதங்கள் வந்த பிறகு அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதை நிறுத்திவிட்டது. முகம் தெரியாதவர் அன்போடு அனுப்பும் பொட்டலத்தையும் முகம் தெரியாதவர் கேடு நினைத்து அனுப்பும் பொட்டலத்தையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய முடியாது. அதனால் நம் ஏற்பாட்டின் இந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆகவே ஆசிரியருக்கு என் பதில் இது: ஆட்சியர் அலுவலகத்தைத் தேட வேண்டாம். உங்கள் மலையிலிருந்து ராணுவத்துக்குப் போன ஒரு பிள்ளையின் அம்மா அப்பாவிடம் கேளுங்கள். முதலில் வில்லை அனுப்பாதீர்கள், மாணவர்கள் கையால் ஒரு கடிதம் போகட்டும். அங்கே இடம் இருக்கிறதா, மேலதிகாரி அனுமதிப்பாரா என்று அந்தப் பிள்ளை கேட்டுச் சொல்லட்டும். முகாம் என்பது ஆயுதங்களைக் கணக்கு வைத்துக் காக்கும் இடம். விளையாட்டு வில்லானாலும் அனுமதி இல்லாமல் வந்து இறங்கினால் சங்கடம் அந்தப் பிள்ளைக்குத்தான். சம்மதம் வந்தால் மழுங்கிய முனை அம்புகளோடு, துணியில் தைத்து அனுப்புங்கள். நீளத்துக்கும் எடைக்கும் வரம்பு உண்டு, அஞ்சலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். தனியார் கூரியர் ஏபிஓ முகவரிக்குப் போகாது.

பொருளாகக் கொடுத்த காலம் ஒன்று இருந்ததே?

இருந்தது. முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு போட்டது. அந்த ஆண்டு சென்னை மாகாணத்துப் போர் நிதியால் ‘மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே ஒரு மருத்துவமனைக் கப்பல் கடலுக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் ஒரு ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கு 5,000 பவுண்டு என்று பெயரளவில் ஒரு விலை வைத்து, ஊர் ஊராக வசூலித்தார்கள். உண்மையான செலவு அதைவிட அதிகம். ‘இந்த விமானம் எங்கள் ஊருடையது’ என்ற நிறைவைத் தருவதற்காக வைத்த விலை அது.

1962இல் சீனப் போரின்போது தேசியப் பாதுகாப்பு நிதி தொடங்கப்பட்டது. பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார்கள். பணமாகவும் பொருளாகவும் பெறலாம் என்று அந்த நிதியின் விளக்கத்தில் இன்றும் எழுதியிருக்கிறது. பிரதமர் தலைமையிலான குழு அதை நிர்வகிக்கிறது. ஆனால் அங்கும் செலவு படைவீரர், அவர்தம் குடும்பங்களின் நலனுக்குத்தான். ஆயுதம் வாங்குவது அரசு பட்ஜெட்டின் வேலை. குடிமக்கள் ஆயுதத்துக்குக் காசு கொடுக்கலாம் என்று 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்குப் பின், நடிகர் ஒருவரின் பெயரையும் சேர்த்து வங்கிக் கணக்கு எண்ணோடு சுற்றிய வாட்ஸ்அப் செய்தியைப் பாதுகாப்பு அமைச்சகமே மறுத்தது. அந்தச் செய்தி இப்போது மறுபடி வந்திருப்பதாக மூன்று வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அழித்துவிடுங்கள்.

வில் படைவீரர்களுக்கு உண்மையாகவே கைகொடுத்த கதை ஒன்றையும் ஆசிரியர் மாணவர்களுக்குச் சொல்லலாம். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைப் புல்வெளியில், போரில் முதுகுத்தண்டு அடிபட்ட 16 பேர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி வில்லை இழுத்தார்கள். மருத்துவர் லுட்விக் குட்மன் நடத்திய போட்டி அது. கால் செயலிழந்தவருக்குத் தோளும் முதுகும் வலுப்பெற வில் நல்ல பயிற்சி. இன்றைய பாராலிம்பிக் போட்டிகள் அந்தப் புல்வெளியிலிருந்து வளர்ந்தவை. நம் நாட்டில் புணே அருகே கட்கியில் கீழுடல் செயலிழந்த படைவீரர்களுக்கான மறுவாழ்வு மையம் இருக்கிறது. மாணவர்கள் தங்கள் கைவேலை ஒரு வீரரைச் சேர வேண்டும் என்று உறுதியாக இருந்தால், என்ன தேவை என்று அந்த மையத்துக்கு எழுதிக் கேட்கலாம். அங்கே முகவரியில் ஊர்ப் பெயரும் உண்டு.

மற்றக் கேள்விகள்

மலையில் மூங்கில் வெட்டலாமா? வன உரிமைச் சட்டம் 2006 மூங்கிலைச் சிறு வனப்பொருளாகவே சொல்கிறது, ஆனால் உரிமை அங்கீகரிக்கப்பட்ட கிராமத்தவருக்கு மட்டும்.

அம்புக்கு மயிலிறகு கட்டலாமா? கோழி இறகு போதும், வன உயிரினச் சட்டத்தின் வம்பு வேண்டாம்.

வில் கொடுத்தால் வரிச்சலுகை உண்டா? இல்லை, அந்தச் சலுகை பண நன்கொடைக்கு மட்டும்.

உண்டியலில் போட்ட பணத்துக்கு? ரசீது இல்லாவிட்டால் இல்லை, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும் இல்லை.

புதிய வரி முறையில் இருக்கிறேன், எனக்கு? அந்தச் சலுகை கிடையாது.

படைப்பிரிவின் முகவரியை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா? கூடாது.

பதிவுத் தபாலில் அனுப்பலாமா? அது 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது, அதையே கேளுங்கள்.

டிசம்பர் 7 தாண்டினால்? கொடி நாள் நிதி ஆண்டு முழுவதும் வாங்கும், இணையவழியிலும் செலுத்தலாம்.