நற்காரியங்களுக்கு இரையாகும் பூங்காக்கள்

நகரத்தில் ஒரு பூங்கா மறைந்துபோனால், அதைக் கவர்ந்த கள்வன் யார் என்று ஜனங்கள் தேடுகின்றனர். பெரும்பாலும் கள்வன் அகப்படுவதில்லை. நற்காரியம் ஒன்றே அங்கு நிற்கக் காண்கிறோம்.

சென்னையின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1859-ஆம் ஆண்டில் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் டிரெவிலியன், பொதுஜனங்களுக்கென்று 116 ஏக்கர் பரப்பில் 'பீப்பிள்ஸ் பார்க்' என்னும் பூங்காவை அமைப்பித்தார். பின்னர் அந்நிலத்தில் விக்டோரியா மண்டபம் எழுந்தது. 1900-இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913-இல் ரிப்பன் கட்டடம் முடிவுற்றது. அதன்பின் விளையாட்டரங்கமும் தோன்றியது. இவற்றுள் எது தீய காரியம்? ஒன்றுமில்லை. ஆயினும் இவை யாவும் சேர்ந்து பூங்காவை விழுங்கிவிட்டன. 1985-இல் மூர் மார்க்கெட் தீக்கிரையானபோதும் அவ்விடம் பூங்காவாகத் திரும்பவில்லை. ரயில் நிலையத்தின் விஸ்தரிப்புக்கே சென்றது. ஒருமுறை இழந்த பசுமை மீள்வது அரிது என்பதற்கு வேறு அத்தாட்சியும் வேண்டுமோ?

பூங்காவை வெற்றுமனையென்று எண்ணுவதே பிழைக்கெல்லாம் மூலம். செல்வருக்கு வீட்டுத் தோட்டமுண்டு, கோடையில் மலைவாசமுண்டு. ஓரறையில் குடும்பத்தோடு ஒடுங்கும் தொழிலாளிக்கு மரநிழலும், அவன் குழந்தைக்கு ஓடியாடும் இடமும் ஊர்ப்பூங்காவிலன்றி எங்கே கிடைக்கும்? மேலும், மரங்கள் வெயிலின் கொடுமையைத் தணிக்கின்றன. திறந்த மண் மழைநீரைப் பருகுகிறது. 2015-இல் வெள்ளத்தில் தத்தளித்த சென்னைவாசிகளுக்கு இதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெங்களூர்வாசிகள் சிலர் நமக்கு வழிகாட்டியுள்ளனர். பூங்காவுக்கென ஒதுக்கிய மனையொன்று தனியார் ஆஸ்பத்திரிக்கு அளிக்கப்பட்டபோது, அயலில் வசித்தோர் வாளாவிருந்தாரில்லை, வழக்காடினர். ஹைகோர்ட்டில் முதலில் தோற்றும் சளைக்கவில்லை. 1991-இல் சுப்ரீம் கோர்ட் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. நோய் தீர்க்கும் ஆஸ்பத்திரி அவசியமே. ஆயினும், நோய் அணுகாமற் காக்கும் பூங்காவுக்கு அது ஈடாகாது.

ஆதலின், பொதுத்தொண்டில் ஈடுபட்ட நண்பர்களுக்கு நாம் வற்புறுத்துவது இதுவே: உங்கள் பேட்டையிலுள்ள பூங்காவின் எல்லையையும் பரப்பையும் இன்றே அறிந்து பதிந்து வையுங்கள். நற்காரியத்தின் பெயரால் எவரேனும் அதை நாடி வருவாராயின், "காரியம் நன்று, இடம் வேறு காண்க" என்று கூசாது விடையளியுங்கள்.