கலப்பிரிவு: நிறமூர்த்தக் கணக்கை விளங்கிக்கொள்வோம்

கலப்பிரிவு பற்றிய வினாக்களில் மாணவர்கள் புள்ளிகளை இழப்பது பெரும்பாலும் பெயர்கள் தெரியாமையால் அல்ல. நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையில் தடுமாறுவதால்தான். எனவே இங்கு அந்தக் கணக்கையே முதன்மையாகப் பார்ப்போம்.

ஒரு வெங்காயத்தை அதன் அடிப்பகுதி மட்டும் நீரில் படுமாறு கண்ணாடிக் குவளையின் வாயில் வையுங்கள். சில நாட்களில் வெண்ணிற வேர்கள் வெளிவரும். வேர்நுனிக்கு அண்மையிலுள்ள பிரியிழையக் கலங்கள் பிரிந்து எண்ணிக்கையில் கூடுவதும், அவ்வாறு தோன்றிய கலங்கள் பின்னர் நீள்வதுமே இவ்வேர்களின் வளர்ச்சிக்குக் காரணமாகும். அந்நுனியைச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் அவதானித்தால், பிரிவடையும் கலங்களில் தடித்த இழைகள் போன்ற நிறமூர்த்தங்கள் தென்படும். ஜேர்மன் விஞ்ஞானி வால்தர் பிளெமிங் விலங்குக் கலங்களில் இவ்விழைகளைக் கண்டே 1882 இல் இப்பிரிவுக்குப் பெயரிட்டார். இழையுருப்பிரிவு என்னும் தமிழ்ப்பெயரிலும் அந்த இழை இருப்பதைக் கவனியுங்கள்.

வெங்காயத்தின் உடற்கலமொன்றில் 16 நிறமூர்த்தங்கள் உள்ளன. கலம் பிரிந்து இரண்டாகும்போது ஒவ்வொன்றுக்கும் 8 தானே கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா? பல விடைத்தாள்களில் காணப்படும் பிழை இதுதான். பிரிவு தொடங்க முன்னரே, அதாவது இடையவத்தையிலேயே, ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன்னைப்போல் இன்னொரு பிரதியை ஆக்கிக்கொள்கிறது. இவ்விரு பிரதிகளும் அரைநிறவுருக்கள் எனப்படும். அவை மையப்பாத்து என்னும் இடத்தில் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். இணைந்திருக்கும் வரை அவ்விரண்டையும் சேர்த்து ஒரு நிறமூர்த்தம் என்றே எண்ண வேண்டும். ஆகவே இந்நிலையிலும் எண்ணிக்கை 16 தான், அரைநிறவுருக்களோ 32.

பின்னர் நிறமூர்த்தங்கள் கலத்தின் நடுப்பகுதியில் வரிசையாகின்றன. மையப்பாத்துக்கள் பிரிய, கதிர்நார்கள் ஒவ்வொரு சோடியிலும் ஓர் அரைநிறவுருவை ஒரு முனைவுக்கும் மற்றையதை எதிர் முனைவுக்கும் இழுக்கின்றன. ஒவ்வொரு முனைவிலும் 16 சேர்கின்றன. தாவரக் கலத்தில் நடுவே கலத்தட்டு தோன்றிக் குழியவுருவைப் பிரிக்கும். விலங்குக் கலத்தில் நடுப்பகுதி உள்நோக்கி ஒடுங்கிப் பிரியும். கிடைக்கும் இரு மகட்கலங்களும் தாய்க்கலத்தை ஒத்த நிறமூர்த்தங்களையே கொண்டிருக்கும்.

வளர்ச்சி, காயம் ஆறுதல், இலிங்கமில்முறை இனப்பெருக்கம் ஆகியன இப்பிரிவாலேயே நடைபெறுகின்றன. செங்குருதிக் கலம் ஏறத்தாழ 120 நாட்களே வாழும். முதிர்ந்த நிலையில் அதற்குக் கரு இல்லாததால் அது பிரிய முடியாது. என்பு மச்சையிலுள்ள கலங்கள் பிரிந்தே அதன் இடத்தை நிரப்புகின்றன. இப்பிரிவு கட்டுப்பாட்டை இழந்தால் புற்றுநோய் உண்டாகும். புகையிலை சேர்த்து வெற்றிலை மெல்வோரின் வாயில் நிகழ்வது இத்தகைய கட்டுப்பாடற்ற பிரிவே.

இனி ஒடுக்கற்பிரிவு. மனித உடற்கலத்தில் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. (இதைச் சரியாக எண்ணியது 1956 இல்தான். அதற்கு முன்னர் 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்களே 48 என்று கூறின. எண்ணிக்கையில் தடுமாறுவது மாணவர்கள் மட்டுமல்லர்!) விந்திலும் முட்டையிலும் 46 வீதம் இருந்தால் நுகத்தில் 92 வரும், அடுத்த தலைமுறையில் 184. இவ்வாறு நிகழாமல் தடுப்பதே ஒடுக்கற்பிரிவு. இது புணரிகளை ஆக்கும் அங்கங்களில், அதாவது ஆணின் விதைகளிலும் பெண்ணின் சூலகங்களிலும் நடைபெறுகிறது. பூக்கும் தாவரங்களில் மகரந்தக்கூட்டிலும் சூல்வித்திலும் நடைபெறும்.

இங்கு பிரதி ஆக்கப்படுவது ஒரு தடவை. பிரிவோ இரு தடவை. தந்தையிடமிருந்து வந்த நிறமூர்த்தமும் தாயிடமிருந்து வந்த அதற்கு அமைப்பொத்த நிறமூர்த்தமும் முதலிற் சோடி சேர்கின்றன. மனிதனில் இவ்வாறு 23 சோடிகள். முதற் பிரிவில் சோடிகள் பிரிகின்றன. எண்ணிக்கை பாதியாவது இங்கேயே. இரண்டாம் பிரிவில் அரைநிறவுருக்கள் பிரிகின்றன. முடிவில் 23 நிறமூர்த்தங்கள் கொண்ட நான்கு கலங்கள் கிடைக்கும். ஆனால் பெண்ணில் அவற்றுள் ஒன்றே முட்டையாகிறது என்பதை மறவாதீர்கள். ஒவ்வொரு சோடியிலும் எது எப்பக்கம் செல்லும் என்பது தற்செயலானது. ஆகவே ஒருவரிடம் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட வகையான நிறமூர்த்தச் சேர்க்கைகள் தோன்ற இயலும். அத்துடன் சோடிசேர்ந்த நிறமூர்த்தங்களுக்கிடையே துண்டுகள் பரிமாறப்படுவதும் உண்டு. ஒரே பெற்றோரின் பிள்ளைகள் வேறுபடுவது இதனாலேயே.

சோடி சேர்வது எவ்வளவு முக்கியமானது என்பதை விளங்கிக்கொள்ள வாழையைப் பாருங்கள். காட்டுவாழைக் கலத்தில் 22 நிறமூர்த்தங்கள், அதாவது 11 சோடிகள் உள்ளன. அதன் பழத்தில் கடினமான விதைகள் இருக்கும். நாம் உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவற்றிலோ 33 உள்ளன. ஒவ்வொரு வகையிலும் மூன்று இருப்பதால் அவை ஒழுங்காகச் சோடி சேர்ந்து சமமாகப் பிரிய முடியாது. பயனுள்ள புணரிகள் தோன்றுவது மிக அரிது, விதையும் இல்லை. பழத்தின் நடுவே காணும் கரும்புள்ளிகள் விருத்தியடையாத சூல்வித்துக்களே. எனினும் இழையுருப்பிரிவுக்குச் சோடி தேவையில்லை. 33 உம் பிரதியாகி 33 ஆகவே பிரிகின்றன. ஆகையால் வாழை வளர்வதற்கும் குட்டி போடுவதற்கும் தடையில்லை.

அந்தக் குட்டிகள் யாவும் தாய்வாழையின் பரம்பரையலகுகளையே கொண்டிருப்பதால் ஓர் ஆபத்தும் உண்டு. குறோ மிசெல் என்னும் இனம் உலகச் சந்தையில் முதலிடம் பெற்றிருந்தது. மண்ணில் வாழும் ஒரு பங்கசு உண்டாக்கிய பனாமா நோயை எதிர்க்கும் தாவரம் அத்தோட்டங்களில் ஒன்றேனும் இல்லாமையால், 1960களில் அதைக் கைவிட்டு கவென்டிஷ் இனத்துக்கு மாற வேண்டியதாயிற்று.

இனி நீங்களே செய்து பாருங்கள். நெற்பயிரின் இலைக் கலமொன்றில் 24 நிறமூர்த்தங்கள் உள்ளன. அதன் (அ) வேர்நுனிக் கலத்தில், (ஆ) ஆண்புணரியில், (இ) நுகத்தில் எத்தனை இருக்கும்? (ஈ) வேர்நுனிக் கலம் பிரியத் தொடங்கி, நிறமூர்த்தங்கள் நடுவே வரிசையாகும்போது எத்தனை அரைநிறவுருக்கள் காணப்படும்?

விடைகள்: (அ) 24 (ஆ) 12 (இ) 24 (ஈ) 48. கடைசி விடையில் 24 என எழுதியவர்கள் வெங்காயத்தின் பந்தியை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள்.