நித்தியகல்யாணியும் இராட்டைக் கதிரும்

கீழ்புத்துப்பட்டில் நித்தியகல்யாணிச் செடியொன்றைக் காட்டி, "இந்த இலையைக் காய்ச்சிக் குடித்தால் புற்றுநோய் தீருமாமே, என் அக்காளுக்குக் கொடுக்கலாமா, ஐயா?" என்று அங்கத்தினர் ஒருவர் நம்மை வினவினார். அவர் நெசவாளர், ஆகவே நெசவைக் கொண்டே விடை கூறினோம்.

உயிரணு இரண்டாகப் பிரியுங்கால், அதனுள் நுண்ணிழைகள் கூடி, நூல் சுற்றிய கதிர்போல் ஓர் அமைப்பாகின்றன. அக்கதிரே மரபுச் சரங்களை இருபுறமும் பகிர்ந்து இழுப்பது. இச்செடியிலுள்ள வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்னும் பொருள்கள் அவ்விழைகள் கூடாவண்ணம் தடுக்கின்றன. பிரிதல் பாதியில் நிற்கவே, உயிரணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது. புற்றணு ஓயாது பிரிவதாதலின் அதற்கே அடி மிகுதி. எனினும் நல்லணுக்களும் தப்புவதில்லை.

கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்னும் அறிஞர்கள், இச்செடியில் நீரிழிவுக்கு மருந்து உண்டோவென ஆராயப் புகுந்து, 1958-இல் வின்பிளாஸ்டினை வெளியிட்டனர். வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது.

அங்ஙனமாயின் கஷாயம் போதாதோ? போதாது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் பெற ஏறக்குறைய 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். கஷாயத்தில் மருந்தின் அளவு தெரியாது, நஞ்சோ உண்டு. மருத்துவர் அளந்து இரத்தக் குழாயில் செலுத்தினாலன்றி அது மருந்தாகாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தை அவருக்குச் சுட்டினோம். அங்கத்தினர்காள்! பயிரிடுவோர் இலையை மருந்துச் சாலைக்கு விற்கலாம். வீட்டு அடுப்பில் ஏற்றுதல் வேண்டா. கஷாயத்தை நம்பிக் கழியும் நாள்களில் நோய் முற்றிவிடும்.